முன்கண்ணாடி ஒட்டியல்: ஃபாஸ்டேக் குறித்த முதல்நிலை ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்: கட்டுரை நீளமானது, சுருக்க இயலவில்லை.

முன்னுரை

தமிழாய்வு தொடாத பொருள் இல்லை என்பார்கள். பாட்டில் யானை எத்தனை இடத்தில் வருகிறது, அவற்றுள் எத்தனைக்கு மதம் பிடித்தது, பிடித்தவற்றுள் எத்தனை பாகன் சொல் கேட்டது என்பது வரை அட்டவணை போடும் துறை இது. ஆனால் இன்று நெடுஞ்சாலையில் ஓடும் கார்களின் நெற்றியில் பொட்டு வைத்ததுபோல் ஒட்டியிருக்கும், சுங்கம் கட்ட உதவும் ஃபாஸ்டேக் என்னும் அந்த உள்ளங்கையளவு ஒட்டுத்தாளைப் பற்றி ஓர் ஆய்வேடும் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இம்முயற்சி. (ஆய்வேடு என்றால் முதலில் ஓர் இடைவெளியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மரபு. கிடைக்காவிட்டால் தோண்டியாவது உண்டாக்க வேண்டும்.)

கருதுகோள் இது: நிற்காமல் போவதற்காகக் கண்டுபிடித்த பொருள், நிற்பதற்கான புதுப்புதுக் காரணங்களைத் தோற்றுவிக்கும். முடிவை எழுதி வைத்துக்கொண்ட பிறகே களஆய்வுக்குப் புறப்பட்டதால், கிடைத்த தரவுகள் எதுவும் கருதுகோளுக்கு மாறுபடவில்லை. இந்நெறி பல்கலைக்கழக அளவில் நன்கு சோதிக்கப்பட்டது.

முன்னோர் மொழிந்தவை

வள்ளுவர் 756ஆம் குறளில் சுங்கப் பொருளை வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக வைத்தார். குறைந்தபட்ச இருப்பு பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனவே அவர் காலத்தில் முன்கூட்டி ரீசார்ஜ் செய்யும் வழக்கம் இல்லை என்பது பெறப்படும். ஒருவர் சொல்லாததை வைத்து அவர் காலத்தை நிறுவுவது நம் துறையில் பெரியவர்கள் கையாண்ட வழியாதலால், இவ்வாய்வாளரும் கூச்சமின்றிக் கையாள்கிறார்.

பட்டினப்பாலையின்படி காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பண்டங்களுக்குச் சுங்கம் கொண்டு, புலி முத்திரை பொறித்து அனுப்பினார்கள். புலி இருந்த இடத்தில் இன்று வங்கிச் சின்னம் இருக்கிறது. முதலாம் குலோத்துங்கன் 1070இல் பட்டத்துக்கு வந்து, ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் வாங்கினான். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று சென்னையிலிருந்து திருச்சிக்குச் சாவடி சாவடியாகக் கடந்து போகிறவர்கள், இப்பெயரை இன்னொருவர் எப்போது வாங்குவார் என்று ஒன்பதரை நூற்றாண்டாகக் காத்திருக்கிறார்கள். தடைக்கம்பத்தைத் தூக்கிப் பிடித்த கோலத்தில் அம்மன்னனுக்குச் சிற்பம் ஏதும் இதுவரை கிடைக்கவில்லை. அகழாய்வு தொடர வேண்டும்.

இடைக்காலம் இத்துடன் முடிய, தற்காலம் 2010இல் தொடங்குகிறது. அவ்வாண்டு நந்தன் நிலேகனி தலைமையிலான குழு, நாடு முழுவதற்கும் ஒரே மின்னணுச் சுங்க முறையாக ஆர்எஃப்ஐடி எனும் வானலை அடையாள ஒட்டுத்தாளைப் பரிந்துரைத்தது. 2014இல் அகமதாபாத்–மும்பைச் சாலையில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். 2017 டிசம்பர் 1 முதல் விற்கும் புதிய நான்கு சக்கர வண்டிகளில் ஒட்டித்தான் தரவேண்டும் என்றானது. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவோடு தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் எல்லாத் தடமும் ஃபாஸ்டேக் தடம் ஆயிற்று. டேக் இல்லாமல் நுழைந்தால் இருமடங்கு. 2025 நவம்பர் 15 முதல் அதையும் நுணுக்கமாக்கினார்கள்: யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கமானால் இரண்டு மடங்கு. குற்றம் ஒன்றுதான், தண்டனை மட்டும் பணம் எந்த வழியாக வருகிறது என்பதைப் பொறுத்தது. இதற்கு நிகரான நுட்பம் தர்மசாஸ்திரங்களில் உண்டா என்பதை வடமொழி வல்லார் ஆராய்க.

இயல் 1: பொருளின் இயல்பு

ஃபாஸ்டேக்கில் மின்கலம் கிடையாது. தானாக எதையும் அனுப்பாது, பேசாது. தடத்தின் மேலே தொங்கும் வாசிப்பான் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலையை வீசும்போது, அந்த அலையிலிருந்தே உயிர் பெற்று, தன் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்ப உறங்கிவிடும். நெறியாளர் அறைக்குள் நுழையும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் முனைவர் பட்ட மாணவரை நினைவில் கொள்க.

இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். அதற்கேற்ற அலைவாங்கி அரை அலை அளவு, அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அதை மடித்து மடித்து ஒட்டுத்தாளுக்குள் அடக்கியிருக்கிறார்கள். இவ்வளவு மடித்து வைத்த ஒன்றுக்கு அருகில் உலோகம் வந்தால் ஆகாது. கண்ணாடியில் உலோகப் பூச்சு இருந்தாலோ, வெயிலுக்கு அஞ்சி உலோகம் கலந்த ஃபிலிம் ஒட்டியிருந்தாலோ, வாசிப்பான் கூப்பிடுவது டேக்கின் காதில் விழாது. இத்தகைய கண்ணாடி உள்ள கார்களில் பின்னோக்குக் கண்ணாடிக்குப் பின்னால் பூச்சில்லாத சிறு பகுதி விடப்பட்டிருக்கும். அது எங்கே இருக்கிறது என்று காரோடு வந்த கையேட்டில் எழுதியிருக்கும். கையேடு எங்கே இருக்கிறது என்று எங்கும் எழுதியிருக்காது.

அறிஞர் பலர் டேக்குக்குள்ளேயே பணம் இருப்பதாக எழுதி வருகிறார்கள். (எழுதியது வாட்ஸ்அப்பில்.) இது பிழை. உள்ளே இருப்பது எண் மட்டுமே. அந்த எண் சாவடியிலிருந்து சாவடியின் வங்கிக்கும், அங்கிருந்து தேசியக் கொடுப்பனவுக் கழகத்துக்கும், அங்கிருந்து நமக்கு டேக் கொடுத்த வங்கிக்கும் போகிறது. நம் கணக்கில் பணம் குறைகிறது. ஆகவே தெருவில் ஒருவன் கைக்கடிகாரத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பணத்தை உருவிவிடுவான் என்று பரவிய காணொளி புனைகதை வகையைச் சார்ந்தது. சாவடியைப் போல முறையாகப் பதிவு பெற்ற இடமே இந்தப் பணத்தை எடுக்க முடியும். இத்தகவலால் சிலருக்கு ஆறுதல் ஏற்படாமலும் போகலாம்.

இயல் 2: ஒட்டுமிடம்

இவ்விடயத்தில் மூன்று மரபினர் உளர்.

முதலாமவர் மேல்நடுவார். கண்ணாடியின் உட்புறம், மேலே, நட்டநடுவில், பின்னோக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்ட வேண்டும் என்பார்கள். வங்கி அனுப்பும் துண்டுத்தாள் சொல்வதும் இதையே. சரியான கருத்தாதலால் இவர்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

இரண்டாமவர் ஓரத்தார். நடுவில் ஏற்கெனவே பிள்ளையார் இருக்கிறார், அவருக்குக் கீழே முருகன் வேல், பக்கத்தில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்குகின்றன என்பது இவர்கள் வாதம். டேக்குக்காகப் பிள்ளையாரை இடம் மாற்றலாமா என்று கேட்டால், மாற்றக்கூடாது, ஏனெனில் டேக் வேலை செய்யாதபோது கூப்பிட வேண்டியவர் அவரே என்கிறார்கள். தருக்கத்தில் ஓட்டை இல்லை. நடைமுறையில், ஒட்டுமிடம் ஓரத்துக்குப் போகப் போக வாசிப்பானின் பார்வையிலிருந்து விலகும். அலங்கார உலோகத் தகட்டில் செய்த பிள்ளையாரானால் அலையை மறைத்துத் தடை நீக்குபவரே தடையாகவும் நிற்பார்.

மூன்றாமவர் கையேந்தியர். இவர்கள் ஒட்டுவதே இல்லை. டேக்கை உறையோடு டாஷ்போர்டு பெட்டியில் வைத்திருந்து, சாவடி வந்ததும் எடுத்துக் கண்ணாடியருகே தூக்கிக் காட்டுவார்கள். காரணம் கேட்டால் புதுக்கார், கண்ணாடியில் பசை படும் என்பார்கள். அந்தப் புதுக்காருக்கு மூன்று வயது. இருக்கைகளின் பாலிதீன் உறை இன்னும் கிழிபடவில்லை. இவர்களுள் ஒரு கிளையினர் ஒரே டேக்கைத் தம்பி காருக்கும் தமக்கும் பொதுவில் வைத்து ஆளும் கூட்டுக் குடும்பத்தார். 2025 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் இத்தகைய கையேந்து டேக்குகளைச் சாவடிக்காரர்கள் உடனே தெரிவிக்க வேண்டும், அவை கரும்பட்டியலில் சேர்க்கப்படும் என்று அறிவித்தது. ஒரு மரபு இவ்வாறு ஆணையால் அழிவது வருத்தத்துக்குரியது; ஆவணப்படுத்த நிதி கோரப்படும்.

ஒட்டும் முறை பற்றி ஒரு சொல். கண்ணாடியை உலரத் துடைத்து, ஒருமுறை, ஒரே முறை ஒட்ட வேண்டும். கோணல் என்று உரித்து மறுபடி ஒட்டினால் உள்ளே அலைவாங்கி அறுந்துபோகும். திருட்டுக்கு அஞ்சி வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். கல் பட்டு முன்கண்ணாடியை மாற்றினால் டேக்கும் புதிதாக வாங்க வேண்டும். காருக்கும் ஜீப்புக்கும் வேனுக்கும் உரிய டேக் ஊதா நிறத்தது. வேறு நிறத்தில் வந்திருந்தால் நாம் லாரி ஓட்டுகிறோமா என்று ஒருமுறை இறங்கிப் பார்த்துக்கொள்வது நலம்.

இயல் 3: உயிரூட்டல்

பதிவுச் சான்றின் முன்பக்கப் படம், பின்பக்கப் படம், அடையாள அட்டை, கைப்பேசிக்கு வரும் ஆறிலக்கம், பிறகு, வங்கி கேட்டால், வண்டியின் முகமும் எண்பலகையும் டேக்கும் ஒருசேரத் தெரியும்படி ஒரு படம். இந்தக் கடைசிப் படம் எடுக்கும்போது கண்ணாடியில் வானமும் தென்னை மரமும் படம் எடுப்பவரின் வயிறும் தெரியும், டேக் தெரியாது. நிழலில் நிறுத்தி எடுத்தால் தெரியும். இந்த ஒரு வரிக்காகவே கட்டுரையை வாங்கியவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு வண்டிக்கு ஒரு டேக் என்பது விதி. ஆகவே பழைய கார் வாங்கினவர், முந்தைய உரிமையாளர் தம் டேக்கை மூடும் வரை புதியது பெற முடியாமல் திண்டாடுவார். முந்தைய உரிமையாளர் பணம் வாங்கும் நாள் வரை ஒரே மணியில் தொலைபேசியை எடுத்தவர், அதன்பின் எடுக்காதவர். இடையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் பழைய டேக்கிலிருந்து அவர் பணம் கழியும். அப்போது அவரே கூப்பிடுவார். தொடர்புகொள்ள இதனினும் விரைவான வழி களஆய்வில் கிடைக்கவில்லை.

இயல் 4: இருப்பு

இருக்க வேண்டும்.

இயல் 5: பின்வாங்கல்

இவ்வாய்வின் நெஞ்சப்பகுதிக்கு வந்துவிட்டோம். வாசகர் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

மூலபாடம் இது: ‘சார், கொஞ்சம் பின்னாடி எடுங்க.’

நான்கே சொல். ஆனால் ஆழம் பெரிது. முதலில் விளியை எடுத்துக்கொள்வோம். சிறிய கார் என்றால் ‘அண்ணா’, நீளமான கார் என்றால் ‘சார்’, மஞ்சள் எண்பலகை என்றால் ‘தலைவரே’. கட்சிக்கொடி கட்டிய வெள்ளை வண்டிக்கு விளி இல்லை, மூலபாடமும் இல்லை, கம்பம் தானே எழும். (காண்க: இரண்டாம் தடத்துக் கம்பக்காரர், வாய்மொழி.) ‘கொஞ்சம்’ என்பதன் அளவு குறித்து உரையாசிரியர்களிடையே கடும் பூசல் நிலவுகிறது. ஒரு முழம் என்பார் ஒருவர். ஒரு வண்டி நீளம் என்பார் ஒருவர். சொன்னவர் கை எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு என்பது இவ்வாய்வாளர் துணிபு. (காண்க: வேர்க்கடலை விற்பவர், நான்காம் தட நிழற்குடையடிப் பொழிவு, இதை முறுக்கு விற்பவர் மறுக்கிறார், ஆனால் அவர் வேர்க்கடலை விற்பவரின் மைத்துனர் என்பதால் அம்மறுப்பில் குடும்பப் பகை கலந்திருக்கக் கூடும்.)

பின்வாங்கலுக்கு அறிவியல் அடிப்படை உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். வாசிப்பானின் அலை குறிப்பிட்ட பரப்பிலேயே விழுகிறது. முன்னால் போன லாரியின் வாலைப் பிடித்தபடி நாம் நுழைந்தால், டேக் அப்பரப்பைக் கடக்கும்போது லாரியின் இரும்புப் பின்பக்கம் மறைத்துவிடும். லாரி போனபின் நாம் பரப்பைத் தாண்டி நிற்போம். பின்னால் எடுத்தால் மறுபடி பரப்புக்குள் வருவோம். முன்வண்டிக்கும் நமக்கும் ஒரு வண்டி இடைவெளி விட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி எழாது. அப்படி விட்டால் அந்த இடைவெளிக்குள் பக்கத்துத் தடத்திலிருந்து ஒரு கார் மூக்கை நுழைக்கும் என்பதால் யாரும் விடுவதில்லை.

நாம் பின்வாங்க வேண்டுமானால் நமக்குப் பின்னுள்ளவர் பின்வாங்க வேண்டும். அவர் பின்வாங்க அவருக்குப் பின்னுள்ளவர். இவ்வாறு பின்வாங்கல் வரிசையின் வாலை நோக்கி நகர, ஒலிப்பான் ஓசை எதிர்த்திசையில் தலையை நோக்கி வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒருவர் காரைவிட்டு இறங்குகிறார். இறங்கியவர் என்ன சொன்னார் என்பதற்குச் சான்று உண்டு. (காண்க: மூன்றாம் வண்டி ஓட்டுநர், கண்ணாடி இறக்கும் முன் சொன்னவை, தொகுதி 2. கண்ணாடி இறக்கியபின் சொன்னவை அடங்கிய தொகுதி 1 பெண்களும் சிறுவரும் இருந்தமையால் பதிப்பிக்கப்படவில்லை. கைப்பிரதி ஒன்று ஐந்தாம் வண்டி ஓட்டுநரிடம் இருப்பதாகக் கேள்வி, அவர் அதை மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்.)

பின்வாங்கும்போது நடைபெறும் சடங்குகளையும் பதிவு செய்வது கடமை. ஓட்டுநர் வைப்பரைப் போடுவார். மழை இல்லை. கையை நீட்டி டேக்கை உட்புறத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். கைப்பேசியைத் திறந்து இருப்பைப் பார்ப்பார், இருப்பு இருக்கும், அதைக் கம்பக்காரருக்குக் காட்டுவார், கம்பக்காரர் அதைப் பார்க்க மாட்டார். பக்கத்து இருக்கையிலிருந்து, ‘ஏங்க, நேத்தே ரீசார்ஜ் பண்ணச் சொன்னேன்ல?’ என்று ஒரு கேள்வி எழும். பணம் இருக்கிறது என்ற விடை ஏற்கப்படாது. பின்னிருக்கைப் பாட்டி, ‘அஞ்சோ பத்தோ கையில குடுத்துட்டுக் கெளம்புப்பா, காப்பிக்கு நேரமாச்சு’ என்பார். பாட்டியின் இக்கோட்பாடு சுங்க வரலாற்றில் மிகப் பழையது. காலத்தால் கைவிடப்பட்டது என்பாரும், கைவிடப்படவில்லை என்பாரும் உளர்.

மூன்றாம் முறையும் ஒலி எழாவிட்டால் கைமெஷின்காரர் வருவார். கோலின் நுனியில் வாசிப்பானைக் கட்டி, கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் பிடிப்பார். பீப். கம்பம் எழும். அதுவரை டேக் பழுது, வங்கி மோசம், நாடு உருப்படாது என்று பேசிய அனைவரும் மௌனமாகி முதல் கியருக்கு மாறுவார்கள். கைமெஷின் எட்டியதை மேலே தொங்கும் மெஷின் எட்டவில்லை என்றால் கோளாறு நம் கண்ணாடியிலோ ஒட்டுமிடத்திலோ அவர்கள் அலைவாங்கியின் கோணத்திலோ இருக்கலாம். அடுத்தடுத்த சாவடிகளிலும் இதே கதை என்றால் நம்முடையது. ஒரு சாவடியில் மட்டும் என்றால் அவர்களுடையது. இந்த எளிய சோதனைமுறையை எழுத இரண்டு வரி போதும் என்பதை இவ்வாய்வாளர் அறிவார். ஆனால் இரண்டு வரிக்கு எந்த ஆய்விதழும் இடம் தராது. பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால் சில ஆய்விதழ்கள் எதற்கும் இடம் தரும். அங்கே கம்பம் எழ இவ்வளவு நேரம் ஆவதில்லை, கைமெஷினும் தேவைப்படுவதில்லை.

அரிய நிகழ்வு ஒன்று. வாசிப்பான் நம் டேக்கை விட்டுவிட்டுப் பின்னால் ஒட்டி நிற்பவர் டேக்கைப் படித்துவிடும். அவர் பணம் கழிய, நமக்குக் கம்பம் எழும். நாம் போய்விடுவோம். அவர் முறை வரும்போது மெஷின் திகைக்கும். ‘சார், கொஞ்சம் பின்னாடி எடுங்க.’ (காண்க: மேற்படி மூன்றாம் வண்டி ஓட்டுநர், தொகுதி 1, வெளிவராத இறுதி இயல்; ஒப்பிடுக: கொய்யாப்பழம் விற்பவரின் மாறுபட்ட பாடம், அதில் இந்நிகழ்வு அவருடைய மாமாவுக்கு நேர்ந்ததாகவும், மாமா துரத்திப் பிடித்துப் பணத்தை வாங்கியதாகவும், அதைத் தேடிப் போனதில் இன்னொரு சாவடியைக் கடந்து அதைவிடக் கூடுதலாகக் கட்டியதாகவும் வருகிறது. கடைசிப் பகுதி இடைச்செருகல் ஆகலாம், நடை வேறுபடுகிறது.)

இயல் 6: அறுபது நிமிடக் கொள்கை

இருப்பு இல்லாமல் கரும்பட்டியலில் விழுந்த டேக்கைச் சாவடி வாசலில் ரீசார்ஜ் செய்தால் உடனே கம்பம் எழுமா? 2025 பிப்ரவரி 17 முதல் செல்லும்படி கொடுப்பனவுக் கழகம் வகுத்தது மூலம்: வாசிக்கும் நேரத்துக்கு முந்தைய 60 நிமிடத்துக்கும் மேலாகக் கரும்பட்டியலில் இருந்து, வாசித்தபின் 10 நிமிடம் வரையும் அங்கேயே இருந்தால் கட்டணம் ஏற்கப்படாது. இதைப் படித்து நாடு பதறியதும் நெடுஞ்சாலை ஆணையம் உரை எழுதியது: தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகள் உடனுக்குடன் நிலை அறியும் முறையில் இயங்குவதால், கடக்கும் முன் எப்போது வேண்டுமானாலும் ரீசார்ஜ் செய்யலாம். மூலம் ஒன்று சொல்ல, உரை அது பிறர்க்கு, உமக்கு அன்று எனச் சொல்வதைக் கண்டு பதறுவோர் தமிழ் உரைமரபு அறியாதவர்கள். கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே டேக் நிலையைப் பார்த்துக்கொள்பவருக்கு மூலமும் வேண்டாம், உரையும் வேண்டாம். அத்தகையவர்கள் எந்தத் துறைக்கும் பயன்படமாட்டார்கள்.

இயல் 7: பூஜ்ஜிய ரசீது என்னும் மறைந்த ஏடு

இறையனார் களவியல் உரை முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என்று பல நூல்களைப் பெயர் சொல்கிறது, நூல்கள் கிடைக்கவில்லை. அவ்வரிசையில் வைக்கத்தக்க ஆவணம் ஒன்று தற்காலத்திலும் உண்டு. தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் 2018 மே மாதம் செய்த திருத்தம் தெளிவாகச் சொல்கிறது: செல்லத்தக்க, போதிய இருப்புள்ள டேக்கோடு வந்த வண்டி, சாவடிக் கருவியின் கோளாறால் கட்டணம் செலுத்த முடியாமல் போனால், கட்டணம் இன்றி அனுப்ப வேண்டும், பூஜ்ஜியத் தொகைக்கு ஒரு ரசீதும் கட்டாயம் தரவேண்டும்.

ரசீதைப் பற்றிய சான்று இருக்கிறது. ரசீது இவ்வாய்வாளர் கைக்கு எட்டவில்லை. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்ததுபோல் இவரும் சாவடி சாவடியாகக் கேட்டார். எங்கும் விடை ஒன்றே: ‘மேனேஜர் வரட்டும் சார்.’ மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார். பின்னால் ஒலிப்பான்கள் முழங்குகின்றன. விதியின் ஆண்டையும் மாதத்தையும் மேற்கோள் காட்டி நிற்பவருக்கு அவ்வொலியில் தம் குரலே கேட்பதில்லை. விதி அறியாத நாற்பது பேர் பின்னால் நிற்கும்போது விதி அறிந்தவர் ஒருவர் யுபிஐயில் ஒன்றேகால் மடங்கு கட்டிவிட்டுப் போகிறார்.

ஒருவரின் சம்பந்தியின் நண்பரிடம் அசல் பூஜ்ஜிய ரசீது இருப்பதாகத் தகவல் வந்து, நேரில் சென்று பார்க்கப்பட்டது. பணப்பையின் உள்ளறையில், நான்காக மடித்து, விபூதிப் பொட்டலத்தோடு வைத்திருந்தார். வெப்பத்தாளில் அச்சிட்டதாதலால் எழுத்து முழுவதும் வெளிறி வெற்றுத்தாளாகிவிட்டது. பூஜ்ஜியம் அழிந்த தாளா, பூஜ்ஜியமே இல்லாத தாளா என்பதை நிறுவ வழியில்லை. அவர் உறுதியாக இருக்கிறார். ஓர் எழுத்தும் தெரியாத கல்வெட்டை வாசித்து ஆண்டும் மாதமும் சொன்னவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள் என்பதால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. இடைப்பட்ட காலத்தில், வாக்குவாதத்துக்கு மாற்றாக 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண் இருக்கிறது. நேரத்தையும் தடத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு அங்கும் வங்கியிலும் புகார் எழுதுவது பணம் திரும்ப வருவதற்கான வழி.

இயல் 8: குறுஞ்செய்தியின் காலம்

தொல்காப்பியர் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் நகர்த்தி மகிழும் அறிஞர்கள்கூட, கட்டணக் குறுஞ்செய்தி எப்போது வரும் என்று சொல்லத் துணிவதில்லை. கடக்கும்போது வரலாம், அடுத்த ஊரில் வரலாம், கார் வேப்பமரத்தடியில் உறங்கும் ஞாயிற்றுக்கிழமை மதியமும் வரலாம். கடைசி வகைக்குக் காரணங்கள் சில: பழைய கடத்தல் தாமதமாகக் கணக்கேறியிருக்கலாம், டேக்கை மெஷின் படிக்காதபோது கையால் எண்ணைத் தட்டியவர் ஓர் இலக்கம் மாற்றித் தட்டியிருக்கலாம். குறுஞ்செய்தி வந்த நேரத்தைப் பார்க்காமல், கணக்கறிக்கையில் கடந்த நேரத்தைப் பார்க்க வேண்டும். நாம் கடக்கவில்லை என்று உறுதியானால், டேக் கொடுத்த வங்கியில் மறுப்பு எழுதலாம், விசாரித்துப் பணத்தைத் திருப்புவார்கள். காரைச் சரக்கு வண்டியாகக் கருதிக் கூடுதலாக எடுத்திருந்தாலும் இதே வழி. மேற்கூரையில் சாமான் கட்டிப் போனதால் அப்படி நேர்ந்தது என்பது ஒரு மாமியாரின் கருத்து, சாமான் அவருடையதன்று.

இயல் 9: துறையின் எதிர்காலம்

2025 ஆகஸ்ட் 15 முதல் ஆண்டுப் பாஸ் வந்துவிட்டது. தனியார் கார், ஜீப், வேனுக்கு வந்தபோது 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 கடத்தல், எது முந்துகிறதோ அது. தேசிய நெடுஞ்சாலை, விரைவுச்சாலைச் சாவடிகளில் மட்டும் செல்லும். மாநிலச் சாலைச் சாவடியில் வழக்கம்போல் இருப்பிலிருந்து கழியும். பாஸ் வாங்கியவர் இருப்பை மறந்துவிடுவதால் மாநிலச் சாலையில் இயல் 5 முழுவதும் மறுபடி அரங்கேறுகிறது. இது துறைக்கு நல்ல செய்தி.

கெட்ட செய்தியும் உண்டு. அதே ஆகஸ்டில் குஜராத்தின் சோரியாசி சாவடியில் கம்பமே இல்லாத முறையைக் கொண்டுவர ஒப்பந்தம் கையெழுத்தானது. வண்டிகள் வேகத்தைக் குறைக்காமல் போக, மேலிருந்து டேக்கையும் எண்பலகையையும் படித்துக்கொள்வார்களாம். கம்பம் இல்லையேல் கம்பக்காரர் இல்லை, பின்வாங்கல் இல்லை, வேர்க்கடலைப் பள்ளியும் முறுக்குப் பள்ளியும் கலைந்துவிடும். துறை முழுவதும் தரவின்றி வறளும் முன் எஞ்சியுள்ள சாவடிகளில் அவசரக் களஆய்வு நடத்தியாக வேண்டும். இதற்கு ஆய்வு உதவியாளர்கள் தேவை. தகுதி: உலோகப் பூச்சுக் கண்ணாடியுள்ள கார், பின்னிருக்கையில் கருத்துடைய பாட்டி ஒருவர், பொறுமை. வழிச்செலவு வழங்கப்படும். சுங்கக் கட்டணத்தைத் திரும்பப் பெற அசல் ரசீது இணைக்க வேண்டும். குறுஞ்செய்தியைத் தணிக்கைத் துறை ஏற்பதில்லை. பூஜ்ஜிய ரசீது கொண்டுவருபவருக்கு நேரடியாக முனைவர் பட்டம்.